மைக்ரான் அம்மா ‘கயிறு’ என்று சொன்ன 771

எங்கள் ஆய்வகத்தில் சதை சீவும் வேலை பார்த்த அம்மாளுக்கு மைக்ரான் என்ற பெயர் வந்தது அவர் சேர்ந்த நான்காவது மாதத்தில். அதற்கு முன் அவருக்கு வேறு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் கடைசிவரை அதுதான் இருந்தது. அங்கே தவிர வேறெங்கும் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை நாலு மைக்ரான் கனத்தில் ஏடு ஏடாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி, பெரிய டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் அப்படிப் பதினைந்து ஏடுகளை அடுக்கலாம்.

அந்த நான்காவது மாதத்தில் ஒருநாள் பெரிய டாக்டர் சீவும் அறைக்கு வந்தார்.

“ஏம்மா, இயந்திரத்துல நாலுன்னு வெச்சிருக்கியா?”

“ரெண்டுன்னு வெச்சிருக்கேன் டாக்டர். அப்பதான் நாலு வருது. இயந்திரம் பொய் சொல்லுது.”

“இயந்திரம் பொய் சொல்லுதா, நீ சொல்றியா?”

“மெக்கானிக்க கூப்பிட்டுக் கேளுங்க.”

மெக்கானிக் வந்தார். இயந்திரத்தைப் பிரித்தார். இயந்திரம்தான் பொய் சொல்லியிருந்தது, சரியாக இரண்டு மைக்ரான் அளவுக்கு. அன்றிலிருந்து அவர் மைக்ரான்.

நான் அதே ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் பதிவேடு எழுதினேன். வரும் ஒவ்வொரு துணுக்குக்கும் வருடத் தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓர் எண் கொடுப்பேன். பெயரும் முகவரியும் என் பதிவேட்டில் இருக்கும். உள்ளே போவது எண் மட்டும்தான். சீவுகிறவருக்கு யாருடைய சதை என்று தெரியக்கூடாது என்பது எங்கள் விதி. பெயர் எழுதிய பத்தியின் மேல் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து மூடியிருப்பேன்.

மைக்ரான் அம்மாவின் கணவர் டயர் கடை வைத்திருந்தார். என் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகும்போதெல்லாம் வீட்டுக் கதை சொல்வார். “எங்க வீட்டுல கேரட்டு திங்கிறது கண்ணுக்கு நல்லது சார். ஒரு துண்ட கண்ணு முன்னாடி புடிச்சு அது வழியாவே பேப்பர் படிக்கலாம்” என்பார். ரொட்டியை அந்த அம்மாள் வெட்டினால் வெண்ணெய் தடவ இடம் இருக்காதாம், மறுபக்கம் வந்துவிடுமாம்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கை குடும்பத்தில் பதினெட்டு வருடச் சண்டை ஒன்றையே உண்டாக்கியிருந்தது.

டயர் கடைக்காரருடைய அக்கா பேக்கரி நடத்துகிறவர். மைக்ரான் அம்மாவுக்கு நாத்தனார். தன் இரண்டாவது கடையைத் திறந்த அன்று நாற்பத்திரண்டு பேரை அழைத்து, மூன்று கிலோவில் தானே ஒரு கேக் செய்து வைத்திருந்தார். வெட்டும் நேரத்தில் யாரோ வாசலில் கூப்பிட, “தம்பி பொண்டாட்டி, நீ கொஞ்சம் வெட்டி வை. கத்தி புடிச்ச கைதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றே நிமிடத்தில் நாற்பத்திரண்டு துண்டும் தயார். கேக்கில் முக்கால்வாசி அப்படியே மிச்சம் இருந்தது. தட்டுகளில் துண்டுகள் நிற்க முடியாமல் படுத்துக் கிடந்தன. ஒரு விருந்தாளி தன் பங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாராம்.

நாத்தனார் திரும்பி வந்தார். “என்னடி இது? கேக்கா, கேக்கோட நிழலா?”

மைக்ரான் அம்மா இதைத் தன் வேலையின் மேல் சொன்ன குறையாக எடுத்துக்கொண்டார். இன்னும் மெல்லிசாக வரவில்லையே என்று கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

“இதுக்கு மேல மெல்லிசா வரமாட்டேங்குது அண்ணி. நடுவுல மெத்துன்னு இருக்கு, ஓரம் இறுகிப்போச்சு, கத்தி தடுக்குது. அஞ்சு நிமிஷம் கூட வெச்சிட்டீங்க.”

நாற்பத்திரண்டு பேர் முன்னால், கடை திறந்த அன்று, கேக் செய்தவரிடமே. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. டயர் கடைக்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடைக்குப் போய் வருவார். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வரும் பன்னை மனைவி விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். “சொன்னாக்கூட பரவாயில்ல சார். அந்த அமுக்குதான் தாங்கல” என்பார் அவர்.

இனி குறிப்புப் பத்தியின் கதை. என் பதிவேட்டின் கடைசிப் பத்திக்கு ‘குறிப்பு’ என்று தலைப்பு. யாரும் குறிப்புத் தராததால் அது காலியாகவே கிடந்தது. ஒருநாள் மைக்ரான் அம்மா வந்து நின்றார்.

“சார், அந்தக் கட்டம் சும்மாதானே இருக்கு? மார்புத் துணுக்கு வந்தா மட்டும் நான் ஒரு வார்த்த சொல்றேன், எழுதுறீங்களா?”

“என்ன வார்த்தை?”

“கைக்கு என்ன தெரியுதோ அது.”

“எத்தனை வார்த்தை இருக்கும்? ஆளுக்கொண்ணா, நாளுக்கொண்ணா சொன்னா பதிவேடு ஆகாது.”

யோசித்து நான்கு சொற்களுக்குச் சம்மதித்தார்: பஞ்சு, ரப்பர், மண், கயிறு. ஊசியால் எடுக்கும் மார்புத் துணுக்கு தீக்குச்சி மாதிரி மெல்லிசாக இருக்கும். மருந்துத் தண்ணீரில் போட்டால் சில மிதக்கும், சில மூழ்கும். இடுக்கியால் தூக்கினால் சில தொங்கும், சில நிமிர்ந்து நிற்கும். மெழுகில் புதைத்துச் சீவும்போது சில வழுக்கிக்கொண்டு வரும், சில பிளேடைப் பிடித்து இழுக்கும். மிதந்து, தொங்கி, வழுக்கினால் பஞ்சு. வளைந்து திரும்ப நிமிர்ந்தால் ரப்பர். பிளேடில் நறநறவென்றால் மண். மூழ்கி, நிமிர்ந்து, இழுத்தால் கயிறு.

இப்படிப் பதினோரு வருடம் எழுதினேன். தினமும் மாலை நாலு பத்துக்கு, டாக்டரின் முடிவுகள் என் மேஜைக்கு வந்ததும், பரீட்சை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கேட்கிற அம்மா மாதிரி வந்து நிற்பார். “என் கயிறெல்லாம் என்ன ஆச்சு சார்?” நான் எண்களை மட்டும் வாசிப்பேன். கயிறு என்று சொன்னவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாகவே இருந்தன. எல்லாமும் அல்ல.

இதைப் பற்றி அவர் டாக்டரையே ஒருமுறை கேட்டார். தேநீர் நேரம். நானும் இருந்தேன்.

“டாக்டர், கேன்சர் செல்லு தனியா பாத்தா மெத்துன்னுதான் இருக்கும்னு சொன்னீங்க. அப்புறம் கட்டி மட்டும் ஏன் கல்லு மாதிரி இருக்கு?”

டாக்டர் தட்டில் இருந்த பிஸ்கட்டுகளை எடுத்து ஒரு டம்ளரைச் சுற்றி வட்டமாக நிறுத்தினார். “மார்புக்குள்ள பால் வர்ற குழாய் இருக்கு. இந்த பிஸ்கட்டு மாதிரிதான் செல்லெல்லாம் சுத்தி வரிசையா உக்காந்திருக்கும். அடியில மெல்லிசா ஒரு பாய். அதச் சுத்தி மெத்தை மாதிரி கொழுப்பும் நாரும். கட்டியில கல்லு மாதிரி இருக்கிறது செல்லு இல்ல, இந்த மெத்தைதான். நாரு கூடிப்போய், முறுக்கேறி, கயிறா ஆயிடுது.”

“செல்லு கெட்டுப்போனதால மெத்தை கெடுதா?”

“அப்படித்தான் ரொம்ப நாள் நினைச்சோம். இப்ப பாத்தா அது ஒருவழிப் பாதை இல்ல. மெத்தை இறுகினா உக்காந்திருக்கிற செல்லுக்கு அது தெரியுது. இழுபடுது. வரிசைய விட்டு எழுந்திருக்குது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, பெருகுது. அப்புறம் பாயைக் கிழிச்சிக்கிட்டு வெளிய போகுது. வெளிய போனா, முறுக்கின நாரே தண்டவாளம் மாதிரி வழி காட்டுது. செல்லு மெத்தைய கெடுக்குது, மெத்தை செல்லக் கெடுக்குது.”

“பஸ் ஸ்டாண்டு மாதிரி சொல்லுங்க” என்றார் மைக்ரான் அம்மா. “இடம் தாராளமா இருந்தா வரிசையில நிப்பாங்க. ரெண்டு பக்கமும் சுவரு வந்து நெருக்கினா, நல்ல மனுஷன்கூட அடுத்தவன் தோள்ல ஏறுவான்.”

“ஏறினவன் எறங்கவும் மாட்டான்” என்றார் டாக்டர்.

“அப்ப இறுகினதெல்லாம் கேன்சரா?”

“இல்லம்மா. வயசுல இறுகும், பழைய காயத்துல இறுகும், ஒரு காரணமும் இல்லாமலும் இறுகும். நீ சொல்ற கயிறு ஒரு கேள்வி. பதில் மைக்ராஸ்கோப்புலதான்.” சொல்லிவிட்டு ஒரு செல்லை எடுத்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

இப்போது 771. ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது.

“எழுதுங்க சார். கயிறு. நல்ல தடிக் கயிறு.”

“தடிக் கயிறுன்னு ஒரு சொல் நம்ம கணக்குல இல்ல.”

“சரி, கயிறு. எழுதும்போது கொஞ்சம் அழுத்தி எழுதுங்க.”

புதன்கிழமை நாலு பத்துக்கு வந்தார். வாசித்தேன். 764, புற்றுநோய். 768, புற்றுநோய். 771, புற்றுநோய் இல்லை, வெறும் நார்த் திசு.

“இருக்காது” என்றார்.

“இருக்கு. எழுதியிருக்கு.”

“தப்பா வாசிச்சிருப்பீங்க சார்.”

முப்பத்து நான்கு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதிவேட்டைத் தூக்கி அவர் பக்கமாகத் திருப்பி, “நீங்களே பாருங்க” என்றேன். திருப்பிய வேகத்தில் ஸ்கேல் சறுக்கித் தரையில் விழுந்து கணீரென்றது. அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மைக்ரான் அம்மா எண்ணைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, பேக்கரியின் முகவரி.

“எங்க அண்ணி” என்றார்.

நான் ஸ்கேலை அதன் இடத்தில் வைத்தேன். காலம் கடந்து வைத்த ஸ்கேல். அந்தத் தவறு என்னுடையது, என் பணிக்காலத்தில் அந்த ஒன்றுதான்.

“முடிவு வாங்க என்னிக்கு வராங்க?”

“வெள்ளிக்கிழமை காலைல. ஒண்ணுமில்ல, ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் சொல்ல முடியாது, விதி. நாத்தனாரிடம் சொல்ல முடியாது. விதியும் இருந்தது, பதினெட்டு வருடமும் இருந்தது.

“சார், நான் கயிறுன்னு சொன்னப்ப யாருதுன்னு எனக்குத் தெரியாது. சரிதானே?”

“சரி. செவ்வாய்க்கிழமை பதினொன்னு இருபதுக்குச் சொன்னீங்க. இன்னிக்கு நாலு பன்னெண்டுக்குத்தான் தெரிஞ்சுது.”

“அது போதும்” என்று எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

“டாக்டர், 771ல ஏதோ இருக்கு. திரும்ப ஊசி போடச் சொல்லுங்க.”

“ஸ்லைடுல ஒண்ணும் இல்லையேம்மா.”

“கையில இருக்கு.”

“கைக்கு எந்த காலேஜ்ல டிகிரி குடுத்தாங்க? நல்லா இருக்கிற ஒருத்தங்கள கூப்பிட்டு, எங்க ஆளு கையில ஏதோ தோணுது, இன்னொரு தடவ குத்திக்கோங்கன்னு சொல்லவா? கைய தவிர வேற ஏதாவது கொண்டு வா, பாக்கலாம்.”

வெளியே வந்தவர் என் அலமாரியைப் பார்த்தார். அதில் குறிப்பு எழுதிய பதினோரு பதிவேடுகள் இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே பென்சிலைச் சீவத் தொடங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். மாலை மூன்று நாற்பதுக்கு முடித்தேன். மதியம் சாப்பிடவில்லை. மைக்ரான் அம்மா சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ரொட்டி கொண்டுவந்து வைத்தார் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தாளோடு தாளாக இருந்ததால் கவனிக்கவில்லை.

கிடைத்தது இதுதான். பதினோரு வருடத்தில் கயிறு என்று எழுதிய துணுக்குகள் 388. அவற்றில் முதல் முடிவிலேயே புற்றுநோய் 301. மிச்சம் 87 பேருக்கு ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருந்தோம். அந்த 87 பேரில் இரண்டு வருடத்துக்குள் ஏதோ காரணத்துக்காக மறுபடி பரிசோதனைக்கு வந்தவர்கள் 54. அவர்களில் 40 பேருக்கு அப்போதும் ஒன்றுமில்லை. 14 பேருக்குப் புற்றுநோய். ஒப்பிட்டுப் பார்க்கப் பஞ்சையும் எண்ணினேன். பஞ்சு என்று எழுதி ஒன்றுமில்லை என்று அனுப்பியவர்கள் 1,102 பேர். அப்படித் திரும்பி வந்து புற்றுநோய் என்றானவர்கள் மூன்று பேர்.

டாக்டர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“இந்தப் பதினாலு. அதுல என் கையெழுத்து எத்தனை?”

“ஒன்பது டாக்டர்.”

“87ல 54 போனா 33. அந்த 33 பேரு என்ன ஆனாங்க?”

“தெரியாது டாக்டர்.”

“தெரியாதுன்னா?”

“திரும்ப வரல. நல்லாவும் இருக்கலாம். வேற ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கலாம். தெரியாதுன்னு கீழ எழுதியிருக்கேன்.”

அவர் அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். “இது சாட்சியம் இல்ல. கேள்வி. ஆனா நல்ல கேள்வி” என்றார். “771 கட்டிய எடு. இன்னும் ஆழமா சீவு.”

மைக்ரான் அம்மா பன்னிரண்டு ஏடுகள் சீவினார். டாக்டர் பன்னிரண்டையும் பார்த்தார். புற்றுநோய்ச் செல் ஒன்றும் இல்லை. ஆனால் நாரெல்லாம் சீப்பால் வாரிய தலைமுடி மாதிரி ஒரே திசையில் இழுபட்டுக் கிடந்தது. குழாய்கள் நசுங்கியிருந்தன. “ஏதோ ஒண்ணு இந்தப் பக்கத்துலேர்ந்து இழுக்குது” என்று முணுமுணுத்துவிட்டு, ஸ்கேன் எடுக்கிற டாக்டரைப் போனில் கூப்பிட்டார். அங்கே படத்தில் நட்சத்திரம் மாதிரி, நாலாபக்கமும் முள் நீட்டிய நிழல் இருந்தது. படம் ஒன்று சொல்கிறது, ஊசியில் வந்தது வேறு சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊசி கட்டியில் படாமல் பக்கத்தில் போயிருக்கலாம். மறுபடி போட வேண்டும் என்று புதிய முடிவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு கேட்டார்.

“யாரும்மா இது உனக்கு?”

மைக்ரான் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஸ்கேல் விழுந்ததைச் சொன்னேன்.

“அண்ணி டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல.”

“ஆகாதவங்களுக்கா இவ்வளவு பாடு?”

“ஆகாதவங்கதான். அதுக்காக?”

“சரி, அவங்க இல்லாம வேற யாராவது இருந்தா வந்திருப்பியா?”

“87 தடவ வரல டாக்டர். கேட்டுட்டு, உச்சுக் கொட்டிட்டு போயிட்டேன்.”

டாக்டர் தாளைத் திரும்ப எடுத்தார். தாளில் ஒன்பது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து ஐந்துக்கு எங்கள் கவுண்டருக்கு முன்னால் புயல் வந்தது. கையில் பர்ஸ், முகத்தில் அடுப்புச் சூடு. நாத்தனாரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“யாருய்யா இங்க பெரியவங்க? ஒரு தடவ குத்தி எடுத்துக் குடுத்தாச்சு. அத தொலைச்சுட்டீங்களா? திரும்ப குத்தணுமாமே! எனக்கு கடையில ஆறு கேக்கு அடுப்புல நிக்குது. ஒண்ணும் வேணாம், நான் கெளம்புறேன்!”

“அம்மா, தொலைக்கல. இன்னும் தெளிவா தெரியணும்னு…”

“தெளிவா தெரியலேன்னா கண்ணாடிய தொடைங்க!”

கிளம்பிவிட்டார். உண்மையாகவே திரும்பி நாலு எட்டு வைத்துவிட்டார். போனால் ஒரு வருடம் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளறைக் கதவு திறந்து மைக்ரான் அம்மா வந்து நின்றார்.

“பயமா இருந்தா போகட்டும் சார். வேண்டாம்னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கோங்க.”

நாத்தனார் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

“நீயா?”

“நான்தான் அண்ணி. இங்கதான் வேலை.”

“யாருக்குடி பயம்?”

“சில பேருக்கு ஊசின்னா பயம் இருக்கும். தப்பில்ல. வயசாச்சு பாருங்க.”

“வயசா? விடிகாலைல அம்பது கிலோ மாவு தூக்கிப் போடுறவடி நான்! உனக்கு நாலு துண்டு கேக்கு வெட்டத் தெரியாது!”

“நாப்பத்திரண்டு வெட்டினேன்.”

“வெட்டின! அதத்தான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்குதே!” என்று கவுண்டரில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எங்கய்யா குத்துறாங்க? எந்த ரூமு? ஒண்ணில்ல, மூணு குத்தச் சொல்லு. இவ பாக்கட்டும்.”

ஏழாம் எண் அறையைக் காட்டினேன். காலணிச் சத்தம் தேய்ந்து கதவு மூடும்வரை மைக்ரான் அம்மா அசையாமல் நின்றார். பிறகு என் டம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

புதிய துணுக்குக்கு 802 என்று எண் கொடுத்தேன். அன்று மார்புத் துணுக்கு அது ஒன்றுதான், அதனால் எண் யாருக்கும் மறைவில்லை. சீவும் இன்னொரு ஆள் விடுமுறையில் இருந்தார். மைக்ரான் அம்மாவே சீவினார். முடித்துவிட்டு வழக்கம்போல என் மேஜைக்கு வந்தார். நான் பேனாவை எடுத்துக் காத்திருந்தேன்.

“இதுக்கு ஒண்ணும் எழுதாதீங்க சார்.”

“ஏன்?”

“யாருன்னு தெரிஞ்சப்புறம் சொன்னா அது குறிப்பு இல்ல.”

பதினோரு வருடத்தில் மார்புத் துணுக்குக்குக் காலியாக விட்ட ஒரே கட்டம் அது. இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு அவர் வரவில்லை. நான்தான் எழுந்து சீவும் அறைக்குப் போனேன். புற்றுநோய் என்று முடிவு வந்திருந்தது. படத்தில் ஒன்பது மில்லிமீட்டர். இவ்வளவு சின்னதில் பிடிப்பது நல்லது என்று டாக்டர் சொன்னதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னேன். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடாது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிளேடைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அன்று மேற்கொண்டு எதையும் சீவவில்லை.

அறுவை நடந்தது. அக்குளில் எடுத்துப் பார்த்த நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவவில்லை. பிறகு கதிர் சிகிச்சை, தினம் ஒரு மாத்திரை. நாத்தனார் தம்பியைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். மனைவியும் கூட வந்தார். முதல் மூன்று வாரம் இருவரும் தம்பி வழியாகவே பேசிக்கொண்டார்களாம். “ஒரே காருக்குள்ள சார். ‘உங்க அக்காவ கண்ணாடிய ஏத்தச் சொல்லுங்க.’ ‘உன் பொண்டாட்டிகிட்ட காத்து வரணும்னு சொல்லு.’ நான் ஸ்டீயரிங்க புடிக்கவா, இவங்களுக்கு போஸ்ட்மேன் வேலை பாக்கவா?” நான்காவது வாரம் டயர் கடைக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் நேரடியாகப் பேசிவிட்டார்கள்.

அந்தத் தாளுக்கும் ஒரு பலன் இருந்தது. அன்றிலிருந்து கயிறு என்று எழுதி, ஸ்லைடில் ஒன்றும் இல்லாமல் வருகிறவற்றை டாக்டர் தனித் தட்டில் வைத்து, ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த 33 பேரின் முகவரிக்கும் வந்து பார்த்துப் போகும்படி கடிதம் எழுதினோம். இருபத்தாறு பேர் வந்தார்கள். ஒருவருக்கு இருந்தது. மூன்று கடிதங்கள் திரும்பி வந்தன. நான்கு பேரைப் பற்றி இன்றும் தெரியாது.

இதையெல்லாம் நாத்தனாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்று: மூன்றாவது கடையும் திறந்தாயிற்று என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

சிகிச்சை முடிந்த மாதம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு கவுண்டருக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், குரல் இளைக்கவில்லை. டாக்டரும் வெளியே வந்தார்.

“இவ எங்கிட்ட பதினெட்டு வருஷமா குறை தேடிக்கிட்டிருந்தா டாக்டர். வெளிய ஒண்ணும் கிடைக்கலேன்னதும் உள்ள பூந்து தேடி எடுத்துட்டா.”

எல்லோரும் சிரித்தோம். மைக்ரான் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழாதடி, கேக்குல விழும்.” பெட்டியைத் திறந்தார். “சார், நீங்க வெட்டுங்க. இவ கையில கத்தி குடுக்காதீங்க.”

நான் என் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து, மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பதினாறு துண்டுகள் வெட்டினேன். துண்டுகள் நின்றன. மைக்ரான் அம்மா தன் பங்கை வாங்கினார். வாங்கிய கையோடு, வேண்டுமென்று செய்யவில்லை, கட்டைவிரல் தானாகவே போய் ஓரத்தில் ஒரு அமுக்கு அமுக்கியது.

நாத்தனார் பார்த்துவிட்டார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“சொல்லு.”

“நல்லா இருக்கு அண்ணி.”

“என் கேக்கு நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ அமுக்கினத சொல்லு.”

டாக்டர் தன் தட்டைப் பார்த்தார். நான் ஸ்கேலைத் துடைத்தேன்.

“ஓரம்…” என்றார் மைக்ரான் அம்மா. “ஒரு பொடி இறுகியிருக்கு.”

“எத்தன நிமிஷம் கூட?”

“ரெண்டு.”

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்றார்.

“பரவாயில்ல” என்றார். “பதினெட்டு வருஷத்துல மூணு நிமிஷம் குறைச்சிருக்கேன்.”